ஒரு நாள் மட்டும் இருந்தால் எந்த ஆலயம்? ஸ்ட்ராட்ஃபோர்ட், பாஸ்டன், லட்லோ, ஃபேர்ஃபோர்ட்

இங்கிலாந்துக்கு வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் இரண்டு தேவாலயங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்: வெஸ்ட்மின்ஸ்டர் அபே, செயின்ட் பால்ஸ். இரண்டும் லண்டனில். இரண்டுக்கும் டிக்கெட் உண்டு, கூட்டமும் உண்டு. ராஜாக்களும் தளபதிகளும் அங்கே படுத்திருக்கிறார்கள், ஊர்க்காரர்கள் இல்லை. ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு சாதாரண ஆங்கிலேய ஊர் எதற்குப் பயந்தது, எதைப் பார்த்துச் சிரித்தது, கையில் காசு புரண்டபோது அதை என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால் ஏதாவது ஒரு சின்ன ஊரின் பங்கு ஆலயத்துக்குத்தான், அதாவது அந்த வட்டார மக்களின் தேவாலயத்துக்குத்தான், போக வேண்டும். உள்ளே போகக் காசு கேட்க மாட்டார்கள். வாசலருகே காணிக்கைப் பெட்டி இருக்கும், பல இடங்களில் கார்டு தட்டும் மெஷினும் இருக்கும். ஐந்து பவுண்டு போடுங்கள். கூரை ஒழுகாமல் இருப்பது அந்தக் காசில்தான்.

சரி, எந்த ஊர்? இங்கிலாந்துத் திருச்சபைக்கு மட்டும் சுமார் 16,000 ஆலயங்கள் உண்டு. அவற்றில் ஆயிரக்கணக்கானவை இடைக்காலத்தில் கட்டியவை. "அழகானது எது?" என்று தேடினால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். "எதில் என்ன தப்பிப் பிழைத்தது?" என்று கேட்டால் முடிவெடுப்பது சுலபம்.

தப்பிப் பிழைத்தது என்று சொல்லக் காரணம் உண்டு. இந்த ஆலயங்கள் கட்டப்பட்டபோது கத்தோலிக்க ஆலயங்கள். சுவரெல்லாம் ஓவியம், மூலைக்கு மூலை சொரூபம், இரவும் பகலும் விளக்கு. 1530களில் எட்டாம் ஹென்றி ரோமைவிட்டுப் பிரிந்தார். அவர் மகன் ஆறாம் எட்வர்டின் காலத்தில் சொரூபங்களை அகற்றினார்கள், சுவரோவியங்களுக்கு வெள்ளையடித்தார்கள், இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கப் பணக்காரர்கள் எழுதிவைத்த அறக்கட்டளைகளை அரசு எடுத்துக்கொண்டது. நூறு வருடம் கழித்து உள்நாட்டுப் போரின்போது, ஆலயத்தில் சொரூபமும் படமும் கூடாது என்ற தூய்மைவாதிகள் (பியூரிட்டன்கள்) மிச்சத்தை உடைத்தார்கள். 1643, 1644 ஆண்டுகளில் வில்லியம் டௌசிங் என்பவர் கிழக்கே சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷைர் பகுதிகளில் ஆலயம் ஆலயமாகப் போய் எதை எதை உடைத்தோம் என்று நாட்குறிப்பே எழுதிவைத்தார். கடைசியாக விக்டோரியா காலத்தவர்கள் வந்து, பழுது பார்க்கிறோம் என்று பாதியைப் புதிதாக்கினார்கள். இத்தனைக்கும் பிறகு எல்லாமே அப்படியே இருக்கும் ஆலயம் என்று எதுவும் இல்லை. ஒன்றில் கண்ணாடி நின்றது, ஒன்றில் மரவேலை நின்றது, ஒன்றில் கோபுரம். நாம் தேர்ந்தெடுப்பதும் அதை வைத்துத்தான்.

ஸ்ட்ராட்ஃபோர்டை முதலில் பேசி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள். ஏவன் ஆற்றங்கரையில் இருக்கும் ஹோலி டிரினிட்டி ஆலயம், ஷேக்ஸ்பியருடைய ஆலயம். 1564 ஏப்ரல் 26இல் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் இங்கேதான், 1616 ஏப்ரல் 25இல் அடக்கம் செய்ததும் இங்கேதான். பலிபீடத்துக்கு முன்னால் தரையில் இருக்கும் அவருடைய கல்லில் பெயரே கிடையாது. நாலு வரி மட்டும்: இந்தக் கற்களைத் தொடாதவனுக்கு ஆசி, என் எலும்புகளை நகர்த்துகிறவனுக்குச் சாபம். அந்தக் காலத்தில் இடம் போதாமல் பழைய எலும்புகளைத் தோண்டி எலும்புக் கிடங்கில் போடுவது வழக்கம், அதற்குத்தான் இந்த மிரட்டல். பலித்துவிட்டது, கல் அங்கேயே இருக்கிறது. பக்கத்தில் 1623இல் இறந்த அவர் மனைவி ஆன். மேலே சுவரில் இறகுப் பேனாவோடு அவருடைய மார்பளவுச் சிலை.

ஆலயத்துக்குள் சும்மா போகலாம். கல்லறை இருக்கும் பலிபீடப் பகுதிக்கு மட்டும் காணிக்கை கேட்பார்கள். வருகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், கல்லைப் படம் எடுக்கிறார்கள், பத்து நிமிடத்தில் வெளியே போகிறார்கள். அதே பகுதியில் இரண்டு பக்கமும் அருமையான பழைய மரச்செதுக்கல்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆலயத்தின் மேல் தவறு இல்லை. புகழ்பெற்ற ஒருவரின் கல்லறை இருக்கும் இடத்தில் மற்றதெல்லாம் பின்னால் போய்விடுகிறது. நாடகம் பார்க்கவோ அவர் பிறந்த வீட்டைப் பார்க்கவோ ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போகிறீர்கள் என்றால் ஆற்றோரமாக நடந்து ஆலயத்துக்கும் கட்டாயம் போங்கள். ஆலயத்துக்காக மட்டும் ஒரு நாளைச் செலவழிக்க இது என் தேர்வு இல்லை.

பாஸ்டன் வேறு ரகம். அமெரிக்க பாஸ்டன் இல்லை, அதற்குப் பெயர் கொடுத்த லிங்கன்ஷைர் பாஸ்டன். மேடு பள்ளமே இல்லாத சமவெளியில், விதம் ஆற்றங்கரையில், செயின்ட் போட்டால்ஃப் ஆலயத்தின் கோபுரம் 80 மீட்டருக்கும் மேல் நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'ஸ்டம்ப்' என்கிறார்கள், அதாவது வெட்டிய மரத்தின் அடிக்கட்டை. இவ்வளவு உயரத்துக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வைப்பது ஆங்கிலேயக் குசும்பு. வானம் தெளிவாக இருந்தால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் நார்ஃபோக் கரையிலிருந்தே கோபுரம் தெரியும். கப்பல்காரர்களுக்கு அதுதான் அடையாளம்.

ஆலய வேலை 1309இல் தொடங்கியது. அப்போது பாஸ்டன் நாட்டின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. இங்கிலாந்துக் கம்பளி இங்கிருந்துதான் ஃபிளாண்டர்ஸுக்கு, அதாவது இன்றைய பெல்ஜியம் பக்கம், போனது; ஹன்சா என்ற ஜெர்மானிய வணிகர் கூட்டமைப்பினர் இங்கே கிடங்கே வைத்திருந்தார்கள். கோபுரம் முடிந்தது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்குள் வியாபாரம் சரிந்துவிட்டது, ஆற்றில் வண்டல் படிய ஆரம்பித்துவிட்டது. பணம் வற்றிக்கொண்டிருந்த ஊர்தான் இவ்வளவு உயரக் கோபுரத்தைக் கட்டி முடித்திருக்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கோபுரத்தின் உள்கூரை 40 மீட்டருக்கு மேலே. கழுத்து வலிக்கும், பரவாயில்லை.

இங்கே 1612 முதல் 1633 வரை குருவாக இருந்தவர் ஜான் காட்டன். தூய்மைவாதி. அவர் பிரசங்கம் கேட்டவர்களில் பலர் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனார்கள், அவரும் பின்னால் போனார். அங்கே 1630இலேயே ஒரு குடியேற்றத்துக்கு பாஸ்டன் என்று பெயர் வைத்தாகிவிட்டது. முந்நூறு வருடம் கழித்து, 1930களில், இந்தக் கோபுரத்தைச் செப்பனிட அமெரிக்க பாஸ்டன்காரர்கள் பணம் அனுப்பினார்கள். காட்டன் நின்று பேசிய பிரசங்க மேடை இன்னும் ஆலயத்துக்குள் இருக்கிறது. கோபுரத்தின் அடியில், வெள்ளம் எந்த வருடம் எவ்வளவு உயரம் ஏறியது என்று சுவரில் வெட்டிய கோடுகளையும் தேடிப் பாருங்கள். 2013 டிசம்பர் 5 இரவு கடல் பொங்கியபோது தண்ணீர் ஆலயத்துக்குள்ளேயே வந்தது.

கோபுரத்தில் ஏற முடியும், உச்சி வரை இல்லை, பாதி உயரத்தில் இருக்கும் மாடம் வரை. குறுகலான சுழல் படிக்கட்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், அடைசலான இடத்தில் மூச்சு முட்டுகிறவர்களுக்கும் சரிப்படாது. காற்று பலமாக இருந்தால் மூடிவிடுவார்கள். ஏறவில்லை என்றால் பாஸ்டனில் பாதி போச்சு. உள்ளே வெளிச்சமும் இடமும் நிறைய, ஆனால் ஜன்னல்கள் பெரும்பாலும் விக்டோரியா காலத்தவை. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து கிரந்தம் போய், அங்கிருந்து ஸ்கெக்னஸ் ரயிலில் வர வேண்டும். அமெரிக்காவில் படித்த பிள்ளை கூட வந்தால் பாஸ்டனுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு. மற்றபடி இது வரலாறு பிடித்தவர் தனியாகப் போகும் ஊர்.

லட்லோவுக்கு வருவோம். வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷைரில், குன்றின் மேல் ஒரு கோட்டை ஊர். செயின்ட் லாரன்ஸ் ஆலயத்தின் கோபுரம் மைல் கணக்கில் தள்ளியிருந்தே தெரியும், ஊருக்குள் வந்ததும் காணாமல் போய்விடும். வீடுகளும் கடைகளும் ஒட்டி நெருக்கிக்கொண்டு நிற்க, ஒரு சந்து வழியாகப் போனால்தான் வாசல்.

இங்கே தப்பியது மரம். பாடகர் குழு உட்காரும் இருக்கைகள் மேலே மடிக்கும் வகை. மடித்தால் அடியில் ஒரு சின்னத் திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். இடைக்காலத்தில் ஜெபங்கள் மணிக்கணக்கில் போகும், எல்லாம் நின்றுகொண்டுதான். வயதான குருக்கள் அந்தத் திண்டில் பின்பக்கத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி நடிக்கலாம். மிசெரிகார்ட் என்பது இதன் பெயர். அந்தத் திண்டுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தச்சர்கள் இஷ்டத்துக்குச் செதுக்கிவைத்தார்கள். லட்லோவில் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 28 இருக்கைகள் இருக்கின்றன. பிஷப் உடையில் ஒரு நரி பிரசங்கம் செய்கிறது, கேட்டுக்கொண்டிருப்பவை வாத்துகள். ஒரு கிழவன் அடுப்பில் குளிர் காய்கிறான், பக்கத்தில் பன்றி இறைச்சி தொங்குகிறது.

எனக்குப் பிடித்தது கள்ளளவு போட்ட பீர்க்காரியின் இருக்கை. அளவில் ஏமாற்றிய பெண்ணை ஒரு பிசாசு தலைகீழாகத் தோளில் போட்டுத் தூக்கிப் போகிறது. உடம்பில் துணி இல்லை, தலையில் மட்டும் அந்தக் காலத்துப் பகட்டான தலையணி, கையில் விடாமல் பிடித்த குவளை. இன்னொரு பிசாசு பேக்பைப் வாசித்து வரவேற்கிறது. மூன்றாவது, சுருளைப் பிரித்து அவள் செய்த குற்றங்களைப் படிக்கிறது. ஒரு பக்கத்தில் நரகத்தின் வாய் திறந்திருக்கிறது. கொலை செய்தவனைச் செதுக்காமல் அரை டம்ளர் குறைத்து ஊற்றியவளைச் செதுக்கியிருக்கிறார்கள் பாருங்கள், ஊரின் கோபம் எங்கே இருந்தது என்று புரிகிறது. பாதிரியார் இதன்மேல் சாய்ந்து நின்று ஜெபித்திருக்கிறார் என்று நினைத்தால் இன்னும் வேடிக்கை.

லட்லோவின் பணமும் கம்பளிப் பணம்தான், ஆனால் அது தனியொருவர் பையிலிருந்து வரவில்லை. 'பாமர்ஸ் கில்டு' என்ற யாத்ரீகர் சங்கம் இந்த ஆலயத்தை மையமாக வைத்து வளர்ந்தது. ஊருக்கு வெளியேயும் நிறைய உறுப்பினர்கள். அவர்கள் கட்டிய சந்தாவில் குருக்கள் அவர்களுடைய ஆன்மாவுக்காகப் பூசை வைப்பார்கள். சங்கத்துக்கு ஒரு கதை தேவைப்பட்டது, அதைக் கண்ணாடியில் வைத்தார்கள். எட்வர்ட் தி கன்ஃபெஸர் என்ற 11ஆம் நூற்றாண்டு அரசர் ஒரு பிச்சைக்காரருக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறார். பல வருடம் கழித்து லட்லோ யாத்ரீகர்கள் இருவர் புனித நாட்டில் ஒரு முதியவரைச் சந்திக்கிறார்கள். அவர்தான் புனித யோவான், அந்தப் பிச்சைக்காரரும் அவரே. மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்து, அரசருக்கு இனி ஆறு மாதம்தான் என்று சொல்லி அனுப்புகிறார். ஜன்னல்கள் 19ஆம் நூற்றாண்டில் நிறையவே பழுது பார்க்கப்பட்டவை, அதனால் கண்ணாடிக்காக லட்லோ வர வேண்டாம். கதைக்காகப் பாருங்கள்.

வடக்குச் சுவருக்கு வெளியே கவிஞர் ஹவுஸ்மேனின் சாம்பல் புதைக்கப்பட்டிருக்கிறது. எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1502இல் இறந்தது பக்கத்துக் கோட்டையில்தான். அவர் சாகாமல் இருந்திருந்தால் ஹென்றி அரசராகியிருக்க மாட்டார், இந்தக் கட்டுரையில் மேலே சொன்ன உடைப்பு வேலையில் எவ்வளவு நடந்திருக்குமோ! லட்லோ லண்டனிலிருந்து தூரம்தான், ரயில் மாறி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் ரயில் ஊருக்குள்ளேயே விடும், நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பர்மிங்ஹாம், மான்செஸ்டர் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். கோட்டையும் உண்டு, சாப்பாட்டுக்கும் பெயர் போன ஊர். மழை பெய்தாலும் நஷ்டமில்லை, மரச்செதுக்கலுக்கு வெயில் வேண்டாம்.

கண்ணாடிக்கு வெயில் வேண்டும். ஃபேர்ஃபோர்டில் இருக்கும் ஒரே நிபந்தனை அது.

காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியின் தெற்கு ஓரத்தில் இருக்கும் சின்ன ஊர் ஃபேர்ஃபோர்ட். கம்பளி வியாபாரி ஜான் டேம் ஊர் ஆலயத்தைப் புதிதாகக் கட்ட ஆரம்பித்து 1500இல் இறந்தார். மகன் எட்மண்ட் முடித்தார். செயின்ட் மேரி ஆலயத்தில் 28 ஜன்னல்கள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் அப்போது வைத்த கண்ணாடி. இங்கிலாந்தில் ஒரு பங்கு ஆலயத்தில் இடைக்கால ஜன்னல்கள் முழு வரிசையாக மிஞ்சியிருப்பது இங்கே மட்டும்தான். வேலையை அரசரின் கண்ணாடிக் கலைஞர் பார்னார்ட் ஃபிளவரோடு தொடர்புபடுத்துகிறார்கள். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ் ஆலயத்தின் ஜன்னல்களைத் தொடங்கியவரும் அவர்தான். ஒரு வியாபாரி, தன் ஊர் ஆலயத்துக்கு அரண்மனை வேலைக்காரர்களை வரவழைத்திருக்கிறார்.

வரிசை என்பதுதான் முக்கியம். வேறு ஆலயங்களில் இங்கே ஒரு தலை, அங்கே ஒரு இறக்கை என்று துண்டு துண்டாகப் பார்ப்போம். இங்கே கதை ஓர் இடத்தில் தொடங்கி ஆலயத்தைச் சுற்றி வருகிறது. வடக்கே ஏவாளும் மரமும். அப்புறம் மோசேயின் எரியும் புதர், மரியாளின் பிறப்பு, இயேசுவின் பிறப்பு, கிழக்கே சிலுவைப்பாடு, தெற்கே உயிர்த்தெழுதல். பின்னால் நகர்ந்தால் ஒரு பக்கம் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், ஆளுக்கொரு விசுவாசப் பிரமாண வரியோடு. எதிரே பன்னிரண்டு தீர்க்கதரிசிகள். மேலே உயரத்தில் தெற்கு வரிசை முழுக்க இரத்தசாட்சிகள், அவர்களுக்குத் தேவதூதர்கள் காவல். எதிரே வடக்கு வரிசையில் ஏரோதும் யூதாஸும் மற்றக் கொடியவர்களும், அவர்கள் தலைக்கு மேல் பிசாசுகள். நல்லவர்கள் வெயில் படும் பக்கம், கெட்டவர்கள் நிழல் பக்கம். ஒரு சின்ன பைனாகுலர் கொண்டுபோனால் பிசாசுகளின் முகபாவம்வரை தெரியும்.

எல்லாம் போய் முடிவது மேற்கு ஜன்னலில், கடைசித் தீர்ப்பு. நடுவில் மிகாவேல் தூதர் தராசில் ஆன்மாக்களை நிறுக்கிறார். ஒரு பக்கம் படியேறி மோட்சத்துக்குப் போகிறவர்கள். இன்னொரு பக்கம் சிவப்பும் நீலமுமாக நரகம். அங்கே ஒரு பிசாசு தள்ளுவண்டியில் ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு போகிறது. லட்லோவின் பீர்க்காரிக்கு இவள் ஒன்றுவிட்ட தங்கை. 1703 பெரும்புயலில் இந்த ஜன்னல் அடிபட்டது. மேல் பாதி விக்டோரியா காலத்துப் புது வேலை. கீழ்ப் பாதியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: பழைய கண்ணாடியில் நிறம் ஆழமாக இருக்கிறது, புதியதில் கூச்சலிடுகிறது.

ஃபேர்ஃபோர்டுக்கு ரயில் கிடையாது, பழைய பாதையை 1962இலேயே மூடிவிட்டார்கள். லண்டன் பேடிங்டனிலிருந்து ஸ்விண்டன் வரை ஒரு மணி நேரம், அங்கிருந்து கார்தான் நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை கிராமப் பேருந்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். கார் இருந்தால் அதே நாளில் இன்னும் இரண்டு ஆலயங்கள் சேரும். சைரன்செஸ்டரில் மூன்று அடுக்கு வாசல் மண்டபம், தூரத்திலிருந்து பார்த்தால் நகராட்சிக் கட்டடம் என்றே நினைப்பீர்கள். பர்ஃபோர்டில் ஒரு கல் தொட்டி. 1649இல் நாடாளுமன்றப் படைத் தளபதி கிராம்வெல், தன்னுடைய படையிலேயே கலகம் செய்த, சம உரிமை கேட்ட லெவலர் வீரர்களை அந்த ஆலயத்துக்குள் அடைத்துவைத்தார். மூவரை வெளியே நிறுத்திச் சுட்டார்கள். உள்ளே இருந்த ஆந்தனி செட்லி என்ற கைதி ஞானஸ்நானத் தொட்டியில் தன் பெயரைக் கீறினான். 'கைதி' என்று எழுத்துப்பிழையோடு எழுதியிருக்கிறான், இன்றும் படிக்கலாம்.

சஃபோக்கின் லாங் மெல்ஃபோர்டை இந்தப் பட்டியலில் சேர்க்காததற்கு ஒரே காரணம், அது டவுன் இல்லை, நீண்ட கிராமம். ஆனால் கட்டடம் என்று பார்த்தால் அதுவே எல்லாவற்றையும் மிஞ்சும்: வெளிச்சுவர் முழுக்கச் சிக்கிமுக்கிக் கல்லில் நன்கொடையாளர் பெயர்கள், உள்ளே 15ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களின் கண்ணாடி உருவங்கள், பள்ளிக்கூடமாக ஓடிய மாதா சிற்றாலயத்தின் சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு. பக்கத்து லாவன்ஹமையும் சேர்த்து இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு கேட்டால்: கார் இருக்கிறது, வானிலை அறிக்கை வெயில் என்கிறது என்றால் ஃபேர்ஃபோர்ட், யோசிக்கவே வேண்டாம். ரயிலில்தான் போக வேண்டும் அல்லது மழை உறுதி என்றால் லட்லோ. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றுதான், இரண்டிலும் படியேறாமலே முக்கியமானதைப் பார்த்துவிடலாம். வேத வசனம் தெரிந்த அம்மா என்றால் ஃபேர்ஃபோர்டில் வழிகாட்டிப் புத்தகமே வேண்டாம், அவர்களே ஜன்னல் ஜன்னலாகச் சொல்லிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் அதுதான்: கல்லறைத் தோட்டத்தில் டிடில்ஸ் என்ற ஆலயப் பூனைக்கு, 1963–1980 என்று வருடம் போட்ட கல்லறைக் கல்லே இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை ஃபேர்ஃபோர்டுக்கு மதியத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள். கிழக்கு ஜன்னலுக்குக் காலை வெயில், மேற்குக்குப் பிற்பகல் வெயில். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், கண்ணாடி கருப்பாகத்தான் தெரியும்; ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நல்லது. செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆண்கள் தொப்பியைக் கழற்றினால் போதும். கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். லட்லோவில் இருக்கைகளை நீங்களே மடித்துப் பார்க்காமல் அங்கே இருக்கும் தன்னார்வலரிடம் கேளுங்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், கேட்டால் சந்தோஷமாகப் பேசுவார்கள். விட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். இவை எல்லாமே வழிபாடு நடக்கும் ஆலயங்கள். ஞாயிறு காலை ஆராதனையில் உட்காரலாம், சுற்றிப் பார்க்கக் கூடாது. சனிக்கிழமை கல்யாணம் இருந்தால் மதியம் முழுவதும் மூடிவிடுவார்கள். கிளம்புமுன் ஆலயத்தின் இணையதளத்தில் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வார நாளில் போங்கள்.